பாட்டியைக் கேளுங்கள்: இரண்டு கரண்டி சீனி

மார்ச்சிலிருந்து இந்தப் பக்கம் வரவில்லை. ஆசிரியர் தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீங்கள்தான் விடாமல் கேட்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அச்செடுத்து, கடிதங்களோடு சேர்த்து ஒரு துணிப்பையில் போட்டுப் போன வாரம் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், ஃபோனில் படித்தால் எனக்குக் கண் எரியும் என்று அவருக்குத் தெரியும். மூன்று நாளாக வாசல் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிக்கிறேன். 2025 வருஷக் கடைசி என்பதாலோ என்னவோ குடும்பம், கோயில், போன வருஷம் என்றே பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முட்டி வலிக்கு என்ன எண்ணெய் என்று கேட்ட பதினோரு பேரும் அடுத்த மாதம் வரை இருக்கிற தைலத்தையே தேய்த்துக்கொண்டிருங்கள்.

*

"எங்கே போனீர்கள் பாட்டி? உடம்புக்கு முடியவில்லையா? இத்தனை மாதமாக இந்தப் பக்கத்தைத் தேடிவிட்டு இதழை மூடி வைக்கிறேன்."
- வாசகி, பட்டர்வொர்த்

எனக்கு ஒன்றுமில்லை அம்மா. என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். மார்ச் மாதம், நோன்பு நடுவில். காலையில் பசியாறிவிட்டு, கீழே இறங்கிப் பேப்பர் வாங்கி வருகிறேன் என்று சட்டை போட உட்கார்ந்தார். மூன்று பொத்தான் போட்டிருந்தார். நாலாவது என் கையால்தான் போட்டேன், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1970இல். தோட்டத்து லயத்திலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர் பினாங்கு ஃபெர்ரியில் வேலைக்குச் சேர்ந்தார், கயிறு பிடிக்கிற வேலை, அப்புறம் வண்டிகளைக் கை காட்டி ஏற்றி இறக்குகிற வேலை. 1985இல் பாலம் திறந்தபோது இனி நம்மை யார் சீண்டுவார்கள் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பாலமும் இருந்தது, ஃபெர்ரியும் இருந்தது, அவர் சம்பளமும் வந்துகொண்டுதான் இருந்தது. 2020 கடைசி நாளோடு அந்தப் பழைய பெரிய ஃபெர்ரிகள் ஓட்டத்தை நிறுத்தியபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தார், வந்து யாரிடமும் பேசவில்லை. 2023இல் புதுசு வந்தது, ஏறவே மாட்டேன் என்றார். அப்புறம் பேரன் கூப்பிட்டான் என்று ஏறிவிட்டு, "ஆட்டமே இல்லை, இதெல்லாம் ஒரு ஃபெர்ரியா" என்று வீட்டில் வந்து குறை சொன்னார்.

இங்கே ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் ஒரு சாவு என்றால் மாடி முழுக்கச் சாவு வீடுதான். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வெள்ளை உறையில் காசு வைத்துக் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு ஹொக்கியேன் சந்தை அளவுக்குத்தான் வரும். கீழ் மாடி மலாய்க்கார அக்கா நோன்பு துறந்த கையோடு ஒரு சட்டி புபோர் லம்பூக் கஞ்சி கொண்டுவந்தார், துக்க நாளில் நாங்கள் கவிச்சி தொட மாட்டோம் என்று இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சியது. பத்து காந்தோங் மின்சுடலையில் எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பியபோது மத்தியானம் ஆகிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூச்சு விட்டால் நோன்புப் பெருநாள், ஹரி ராயா, வந்து நின்றது.

போன தைப்பூசம், பிப்ரவரி 11, அதுதான் அவர் கடைசியாக வெளியே போய்ப் பகல் முழுக்க இருந்த நாள். முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும்போது வழியில் தேங்காய் உடைக்க எங்களைவிடச் சீனர்கள்தான் அதிகம் மலை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள், அவர் கணக்கெடுக்கப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டார். மறுநாள் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏற முடியாதென்று அடிவாரத்துத் தண்ணீர்ப்பந்தலில் உட்கார்ந்து ரோஸ் சிராப் ஊற்றிக் கொடுத்தார். அவருக்கென்று ஒரு பெரிய அகப்பை உண்டு, உடைந்த பிடிக்குப் பதில் இரும்புக் குழாய் மாட்டி, ஃபெர்ரியில் கட்டுகிற மாதிரி நீலக் கயிறு சுற்றியது. சாயங்காலம் வீடு வந்தபோது முழங்கை வரை ரோஸ் நிறம்.

*

"எங்கள் மாமனார் ஜூலையில் காலமானார். ஒரு வருஷத்துக்குத் தீபாவளி கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, மலைக்கோயில் ஏறக் கூடாது என்று உறவுகள் சொல்கிறார்கள். படையல் மட்டும் போட்டோம். பிள்ளைகள் அழுததால் இரண்டு மத்தாப்பு கொளுத்தினோம். தப்பா?"
- மருமகள், சுங்கை பட்டாணி

மத்தாப்புக்கு உங்கள் மாமனார் கோபித்துக்கொள்வாரா? அவரை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எண்ணெய்ச் சட்டி விஷயம் வேறு. ஏன் வைக்கக் கூடாது என்று நான் கல்யாணமான புதிதில் என் மாமியாரிடம் கேட்டேன், "கேள்வி கேக்காத, மாவைப் பிசை" என்றார். இத்தனை வருஷம் எனக்கும் அது புரியவில்லை. இந்தத் தீபாவளிக்குத்தான் புரிந்தது. அக்டோபர் 20, திங்கட்கிழமை. நான் ஒன்றும் சுடவில்லை. சனிக்கிழமையிலிருந்தே ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்தார்கள், முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி என்று பதினான்கு டின். நாம் சுடக் கூடாது என்றால் அக்கம்பக்கம் கொண்டுவந்தாக வேண்டும், கொண்டுவந்தவர் டின்னை வாசலில் வைத்துவிட்டு ஓட முடியாது, உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியாக வேண்டும். பேச வந்தவர்கள் அவரைப் பற்றி எனக்குத் தெரியாத கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஃபெர்ரியில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணுக்காக வண்டிகளை முன்னே பின்னே நகர்த்தி வழி விடச் சொல்லிச் சண்டை போட்டாராம். ஐம்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை.

படையல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போட்டோம். வாழையிலை விரித்து அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தேன்: நெத்திலி சம்பால், பொரித்த கெம்போங் மீன் (அதை மட்டும் மகன் வெளியில் வாங்கி வந்தான், சட்டி வைக்கக் கூடாதே), கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ஒரு ஸ்டவுட் போத்தல், புதுக் கைலி. கடைசியாகத் தேத்தண்ணி. அவருக்கு ஆறு வருஷமாக இனிப்பு நீர். வீட்டில் சீனி டப்பாவை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவார், நான் இடத்தை மாற்றுவேன், அவர் தேடுவார், இதுவே ஒரு விளையாட்டாகப் போனது. நான் கோப்பையில் கெட்டிப்பால் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கும்போது ஏழு வயசுப் பேரன் கையைப் பிடித்தான். "பாட்டி, தாத்தாவுக்கு சுகர் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

யாரும் பதில் சொல்லவில்லை. என் மகன் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டான். நான் இன்னொரு கரண்டி போட்டேன்.

பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை எடுத்தேன். அதற்கும் ஒரு அத்தை முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

*

"விரதத்தில் கேக் சாப்பிடலாமா பாட்டி? முட்டை கண்ணுக்குத் தெரியவில்லையே."
- ஐந்தாம் படிவ மாணவன், ஜார்ஜ்டவுன்

தெரிந்துதானே கேட்கிறாய். போடா.

*

"அம்மாவுக்குப் புற்றுநோய். மூன்று வருஷம் காவடி எடுத்தேன், ஒவ்வொரு முறையும் 48 நாள் விரதம். போன மே மாதம் அம்மா போய்விட்டார். இப்போது முருகன் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இது பாவமா?"
- வாசகர், ஈப்போ

பாவமில்லை தம்பி. உன்னை மறுபடி கோயிலுக்கு அனுப்புகிற வேலையை நான் செய்யப் போவதில்லை. உன் கடிதத்தைப் படித்த ஒரு பெரியவர், கர்மவினை என்று எழுதுங்கள் என்று எனக்குச் சொன்னார். எழுத மாட்டேன். உன் அம்மா நோயில் கிடந்ததற்கு அவருடைய வினைதான் காரணம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் அவர் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதே.

என் கதையைச் சொல்கிறேன், உனக்கு உதவுமா என்று தெரியாது. பதினாறு முடிந்த பிறகு நான் விளக்கு ஏற்றவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, எண்பது வயசுக்கு நெருங்கிய மனிதர் தூங்குகிற மாதிரி போயிருக்கிறார், இதைவிட நல்ல சாவை யார் கேட்க முடியும். ஆனாலும் தீப்பெட்டியை எடுக்கக் கை போகவில்லை. பிள்ளைகள் ஏற்றுகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றேன். அப்படியே ஐந்து மாதம். கோயிலுக்குக் கூப்பிட்டவர்களுக்கு முட்டி வலி என்றேன், அது பொய்யும் இல்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வாசல் நடையில் தகர டின் வைத்துக் காகிதக் காசு எரித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு அது ஏழாம் மாதம், ஆவிகள் வீட்டுக்கு வந்து பசியாறிவிட்டுப் போகும் மாதம். சாம்பல் பறந்து என் வீட்டுச் சாமி மேடையெல்லாம் படிந்துவிட்டது. எரிச்சலோடு ஈரத்துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். எண்ணெய்ப் போத்தல் பிசுபிசுவென்று இருந்தது, அதற்குள் ஒரு பூச்சி செத்துக் கிடந்தது, சரி என்று கழுவினேன், கழுவிய போத்தலில் எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது, விளக்கைத் தேய்த்தேன், தேய்த்த விளக்கில் திரி போட்டேன். அப்புறம் அதைச் சும்மா எப்படி வைப்பது. ஏற்றிவிட்டேன். சாமி வந்து கூப்பிடவும் இல்லை, மனசு நிறையவும் இல்லை. மறுநாளும் ஏற்றினேன்.

உனக்குப் பிடிக்காவிட்டால் படத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வை. காவடியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. அது நீ உன் அம்மாவுக்காகத் தோளில் சுமந்தது.

*

"நாங்கள் மூன்று பிள்ளைகள். அப்பா இறந்த பிறகு அம்மாவை நாலு நாலு மாதமாக வைத்துக்கொள்கிறோம். யாரும் குறை வைக்கவில்லை, ஆனால் அம்மா முன்போல் பேசுவதில்லை. எங்கே தப்பு செய்கிறோம்?"
- வாசகர், கிள்ளான்

ஒன்று கேட்கிறேன் ஐயா. அம்மாவின் துணி உங்கள் வீட்டில் அலமாரியில் இருக்கிறதா, பெட்டியிலேயே இருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

ஏப்ரலில் என் மூத்த மகன் என்னைப் பூச்சோங்குக்குக் கூட்டிப் போனான். தங்கமான பிள்ளை, மருமகளும் அப்படித்தான், எனக்கென்று தனி அறை, ஏர்கண்டிஷன், தமிழ் சேனல் எல்லாம். பத்தொன்பதாவது மாடி கொண்டோமினியம். காலை ஏழு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், ராத்திரி எட்டுக்குத்தான் கதவு திறக்கும். இடையில் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான்.

ஒரு நாள் கீரை வாங்கலாம் என்று கீழே இறங்கினேன். அந்தக் கட்டடத்தில் இறங்குவதற்கு ஒன்றும் வேண்டாம், ஏறுவதற்கு ஒரு கார்டு தட்ட வேண்டும், அதை மேசை மேலேயே வைத்துவிட்டேன். லிஃப்ட் வந்தது, போனது, வந்தது, போனது, எனக்கு ஒரு மாடியும் நகரவில்லை. மகனுக்கு அழைத்தால் கூட்டத்தில் இருக்கிறான். வாசல் காவலில் நின்ற நேப்பாளப் பையன் தன் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் பொது மொழி அரைகுறை மலாய். அவன் அம்மாவுக்கு என் வயசில்லை, ஆனால் முட்டி வலி உண்டாம், ஃபோனில் படம் காட்டினான், ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். பூச்சோங்கில் இருந்த இரண்டு மாதத்தில் நான் யாரோடாவது வாய் விட்டுப் பேசியது அன்றைக்குத்தான் என்று சொன்னால் மகன் வருத்தப்படுவான், அதனால் இதுவரை சொல்லவில்லை. இப்போது இதழில் படிப்பான். படிக்கட்டும்.

ஜூனில் திரும்பி வந்துவிட்டேன். தனியாக எப்படி இருப்பாய் என்றார்கள். இங்கே எனக்குக் கதவைச் சாத்தினால்தான் தனிமை, திறந்து வைத்தால் மாடி முழுக்க ஆள். எல்லோருக்கும் இது முடியாது, உங்கள் அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. முடியாது என்றால் முறை வைப்பதில் தப்பில்லை. ஆனால் நாலு மாதத்துக்கு ஒரு முறை பெட்டி கட்டுகிறவர் எந்த வீட்டிலும் குடியிருக்கவில்லை, எல்லா வீட்டிலும் விருந்தாளி. விருந்தாளி அளந்துதான் பேசுவார். மூன்று வீட்டிலும் அவருக்கென்று ஒரு அலமாரி, ஒரு தலையணை, அவர் கும்பிடுகிற சாமி படம், அவர் தேத்தண்ணி குடிக்கிற கோப்பை, எல்லாம் அங்கேயே இருக்கட்டும். கையை வீசிக்கொண்டு வந்து இறங்கட்டும். அப்புறம், அவரிடம் ஒரு வேலை கொடுங்கள். வெங்காயம் உரிக்கிற வேலையாக இருந்தாலும் சரி. "நீங்க உக்காருங்கம்மா" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லாதீர்கள்.

*

"மகள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது. பதிவு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாப்பிள்ளை. அம்மன் சாட்சியே போதாதா என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் வரவில்லை."
- ஒரு தாய், நிபோங் திபால்

பதில் இருக்கிறது, சொல்லுங்கள்: அம்மன் கவுன்டருக்கு வந்து சாட்சி சொல்ல மாட்டாள்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமணச் சட்டம் 1976இல் வந்தது, 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி பதிவு கட்டாயம். சில கோயில்களிலேயே பதிவதிகாரி இருக்கிறார், தாலி கட்டிய கையோடு கையெழுத்தும் போட்டுவிடலாம். பிள்ளை பிறந்தால் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் எழுதுவதிலிருந்து சிக்கல் தொடங்கும், வீடு, சேமநிதி என்று அது நீண்டுகொண்டே போகும். இந்தப் பொங்கலுக்குள் முடிக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை இன்னும் இழுத்தால் ஏன் இழுக்கிறார் என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

எங்கள் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது, 1970, அன்றைக்குக் காகிதம் யார் பார்த்தார்கள். அந்தச் சட்டத்துக்கு முன்னால் முறைப்படி நடந்த கல்யாணம் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. அது சட்டத்துக்குத் தெரியும், அவர் போன பிறகு நான் போன அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். கல்யாணப் பத்திரம் எங்கே என்று மூன்று தரம் கேட்டாள். அடுத்த முறை சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தையே கழற்றி, ஃபிரேமோடு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். கவுன்டர் மேல் வைத்தேன். அவர் அதில் கேமராவைப் பார்க்கவில்லை, இரவல் வாங்கிக் கட்டிய கைக்கடிகாரம் நழுவுகிறதா என்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள், சிரித்துவிட்டு "இது போதாது ஆன்ட்டி" என்றாள். கடைசியில் இரண்டு சாட்சியோடு சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்துத்தான் வேலை முடிந்தது. அந்த இரண்டு சாட்சியைத் தேடிப் பிடித்தது தனிக்கதை, எங்கள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்களில் உயிரோடு இருப்பவர்கள் அவ்வளவு பேர்தான்.

*

"பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். மனசு வலிக்கிறது. என்ன செய்யலாம்?"
- ஒரு தாத்தா, செந்தூல்

இந்த நாட்டில் தமிழ் வகுப்பு முதலில் தொடங்கியது எங்கள் பினாங்கில்தான், 1816இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அதனால் தமிழ் உங்கள் பேரனோடு முடிந்துவிடும் என்று கவலைப்படாதீர்கள். உங்கள் பேரனுக்குத் தமிழ் வருமா என்பதுதான் நம் கவலை, அதற்கு மேடைப்பேச்சு உதவாது.

அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் சொல்லட்டும், நீங்கள் தமிழை விடாதீர்கள். எங்கள் வீட்டில் அவர் அதைத்தான் செய்தார். கோலாலம்பூரில் இருக்கிற பேத்திக்குத் தினம் ஒரு குரல் பதிவு அனுப்புவார். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. மழை பெய்கிறது, பாட்டி திட்டுகிறாள், மார்க்கெட்டில் கெம்போங் விலை ஏறிவிட்டது, பிளாட் கீழே பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. அவள் ஓகே தாத்தா என்று இங்கிலீஷில் தட்டிவிடுவாள், அவ்வளவுதான். இரண்டு வருஷம் இப்படியே போனது, நான்கூட அந்தப் பிள்ளையை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு பேத்தி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். ஒன்றையும் அழிக்கவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, "பாட்டி, 'சவடால்'னா என்ன?" என்று கேட்டாள். இன்னொரு இடத்தில் "எகத்தாளம்" கேட்டாள். இரண்டுமே என்னைப் பற்றி அவர் சொன்னது. அர்த்தம் சொல்லிக் கொடுத்தேன், வேறு வழி? இப்போது அவள் எனக்குக் குரல் பதிவு அனுப்புகிறாள். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். போன வாரம் தன் மேனேஜர் ரொம்ப எகத்தாளம் பண்ணுகிறார் என்று சொன்னாள்.

*

"என் மருமகள் கிறிஸ்தவப் பெண். எல்லா வேலையும் செய்கிறாள், சாமி விளக்கு மட்டும் ஏற்ற மாட்டேன் என்கிறாள். எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?"
- மாமியார், தைப்பிங்

நீங்கள் ஏற்றுங்கள். உங்களுக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது.

என் மாமியார், அந்த "மாவைப் பிசை" மாமியார்தான், ஜூலை மாதமானால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்குக் கிளம்பிவிடுவார், மெழுகுவர்த்தி ஏற்றி மண்டி போட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து அதே கையால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். அவரிடம் யாரும் எதையும் புரிய வைக்கவில்லை. உங்கள் மருமகளுக்கு மனசு வேறு மாதிரி, அவ்வளவுதான். அவளோடு ஒரு முறை நீங்கள் மாதா கோயிலுக்குப் போய் வாருங்கள், வேண்டுமானால் பின்வரிசையில் உட்காருங்கள், அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும்.

*

"இந்த வருஷம் உங்களுக்குக் கிடைத்த ஒரு நல்லது சொல்லுங்கள் பாட்டி."
- வாசகி, ஆயர் ஈத்தாம்

நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட், கிடைத்தது! சிரிக்காதீர்கள். 2025 ஆகஸ்ட் 31லிருந்து பதினெட்டு வயசுக்கு மேற்பட்ட மலேசியர் எல்லோருடைய ஐசியிலும் (அடையாள அட்டையிலும்) அரசாங்கம் நூறு வெள்ளி போட்டதே, சாரா உதவி, அதுதான். பேத்தி சூப்பர்மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனாள். அரிசி, எண்ணெய், முட்டை, சோப்பு. கவுன்டரில் ஐசியைச் சொருகினால் போதும், காசு கழிந்துவிடுகிறது. எனக்குப் பின்னால் ஒரு தம்பதி, கணவர் ஐசியில் பாதி, மனைவி ஐசியில் பாதி என்று சாமான்களைப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், பிஸ்கட் யார் கணக்கில் என்று. மரணத்தைப் பதியும்போது அவர் ஐசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அது இருந்திருந்தால் நானும் பிஸ்கட்டை அவர் கணக்கில்தான் போட்டிருப்பேன்.

அந்த நூறு வெள்ளிக்கு 2025 டிசம்பர் 31தான் கடைசி நாள். 

*

"அடுத்த தைப்பூசம் 2026 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர்மலைக்கு வருவீர்களா? பார்த்தால் பேசலாமா?"
- கல்லூரி மாணவி, சுங்கை டூவா

மார்ச்சில்தான் வருஷத் திதி. அதுவரை மலை ஏறக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், என் முட்டியும் அந்த வழக்கத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. அடிவாரத்தில் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பந்தல் பையன்கள் போன வாரம் அழைத்தார்கள். "பாட்டி, தாத்தாவோட அகப்பை உங்க வீட்டுலதான் இருக்கா?" இருக்கிறது, அரிசி டப்பாவுக்குப் பின்னால், நீலக் கயிறில் ரோஸ் கறை அப்படியே. வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நானே திரும்ப அழைத்து, வேண்டாம், நானே கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பிள்ளைகள் சிராப்பில் தண்ணீரைத்தான் அள்ளி ஊற்றுகிறார்கள், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் ஒழுங்காகக் கலக்குவார்கள்.

பேசலாம், வா. தேங்காய் உடைக்கிற இடத்துக்கு அடுத்த பந்தல், நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். குவளை மட்டும் நீயே கொண்டு வந்துவிடு, பிளாஸ்டிக் வாங்க வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.